ஐந்தாம் நாள் முளைத்த தட்டு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதன் பிறகு இருபத்து நான்கு வருடம் என் கை எழுதியதெல்லாம் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளின் அடியில் மெழுகுப் பென்சிலால் போட்ட எண்கள். எண்கள் இன்றும் எனக்கு அழகாக வரும். எழுத்துகள் அப்படி இல்லை. ‘ற’ வரவேண்டிய இடத்தில் ‘ர’ வந்திருக்கும், ஒரு வாக்கியம் பாதியில் நின்று போயிருக்கும். இதைப் படியெடுக்கிறவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

மதுரையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் என் தங்கை மகள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளும் அவளுடன் புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஐந்தாறு பேரும் கேட்டதால்தான் எழுதுகிறேன். நேரில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் பேர் கேட்டாலும் திணறுகிறவன் நான். எப்படித் தட்டு ஊற்றுவது, எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு தட்டைப் பற்றி.

கல்கத்தாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வகத்தில் நான் உதவியாள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பவானிபூரில் ஒரே அறையில் குடியிருந்தோம். ஆய்வகத்தில் இடம் காலியாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, போய் நின்றேன், எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது ஆய்வகத் தலைவராக இருந்தவரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். படிக்காதவன் என்று தெரிந்தும் எனக்கு ஒவ்வொரு வேலைக்கும் காரணம் சொன்ன ஒரே ஆள் அவர். கக்குவான் இருமலுக்கான தட்டை நான்தான் செய்ய வேண்டும் என்று வைத்திருந்தார். உருளைக்கிழங்கை வேகவைத்து, கிளிசரின் சேர்த்து, ஆட்டு ரத்தம் கலந்து ஊற்றும் தட்டு அது. கிழங்கு வேகும் வாசனை வந்ததும் டெக்னீஷியன் பிஸ்வாஸ்தா (தா, தாதா என்றால் அங்கே அண்ணன்) அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பார். “ஆரே முர்கி, ஆலூர் தம் ரெடியா? லூச்சி எங்கே?” கிழங்குக் கறிக்குப் பூரி எங்கே என்று கேலி. என் பேர் முருகேசன். அவர் வாயில் அது முர்கி ஆகிவிட்டது. பெங்காலியில் முர்கி என்றால் கோழி. நான் சிரித்துவிட்டுக் கிழங்கை மசிப்பேன்.

மேடம் எனக்குச் சொன்னது இது. மற்றக் கிருமிகள் ஒரே ராத்திரியில் முளைத்துத் தட்டை நிறைத்துவிடும். கக்குவான் கிருமி அப்படி வராது. மூன்று நாள், நான்கு நாள், சில சமயம் ஐந்து நாள் எடுக்கும். தட்டு கொஞ்சம் காய்ந்தாலும் செத்துவிடும். அதனால் ஈரப் பஞ்சு போட்ட ஒரு தகர டப்பாவுக்குள் தட்டை வைத்து, மூடி, இன்குபேட்டர் என்கிற சூட்டுப் பெட்டியில் ஏழு நாள் வைக்க வேண்டும். முளைத்தால் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தெர்மாமீட்டர் உடைந்தால் தரையில் பாதரசம் சிதறுமே, அதுபோலச் சின்னச் சின்னத் துளிகள் மின்னும்.

“வளர்ச்சி இல்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி எத்தனை நாள் பார்த்தேன்னு எழுது முருகேஷ். நாள் எழுதாத ரிப்போர்ட் அரை ரிப்போர்ட்” என்பார்.

மேடம் ஓய்வு பெற்றுப் போனார். புதிய தலைவர் வந்தார். அவரை சார் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். அவர் கெட்டவர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் இதை எழுதியதே வீண். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு இன்குபேட்டர். ரிப்போர்ட் தாமதம் என்று வார்டுகளிலிருந்து தினமும் சண்டைக்கு வந்தார்கள். சார் ஒரு முடிவு செய்தார். எந்தத் தட்டாக இருந்தாலும் இரண்டு நாள். முளைத்தால் என்ன முளைத்தது என்று எழுது. முளைக்கவில்லை என்றால் ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதித் தட்டை, நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் போடு. வார்டுகள் சந்தோஷப்பட்டன. பிஸ்வாஸ்தா சந்தோஷப்பட்டார். கக்குவான் தட்டுக்கு மட்டும் இது பொருந்தாது என்று அந்தக் கட்டடத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். பிஸ்வாஸ்தாவுக்கும் எனக்கும். அவருக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. எனக்கு வாய் இல்லை.

வாய் இல்லாதவன் என்ன செய்தான் என்றால், ஒளித்து வைத்தான். ரிஜிஸ்டரில் முடிந்துபோன கக்குவான் தட்டுகளைத் தகர டப்பாவில் போட்டு இன்குபேட்டரின் கீழ்த்தட்டில் பின்பக்கமாகத் தள்ளி வைத்துவிடுவேன். ஏழு நாள் கழித்து எடுத்துப் பார்த்துவிட்டு எறிவேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வெறும் பழக்கம். இரண்டாம் நாளே எறிய என் கை வரவில்லை. ஐந்தாறு தட்டுகள் அப்படி வைத்து, ஒன்றும் முளைக்காமல் எறிந்தேன். முளைத்தால் யாரிடம் போய் என்ன சொல்வேன் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. விதியை மீறப் போகிறீர்கள் என்றால், மீறியது பலித்துவிட்டால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அதை முடிவு செய்யாதவன் விதியோடு ஒத்துப்போகிறவனைவிட ஆபத்தானவன்.

தொண்ணூற்றாறாம் வருடம் டிசம்பர் மாதம். மாம்பி என்று ஒரு பெண் குழந்தை, ஆறு வயது, இருமலோடு வந்தாள். அவள் அம்மா ஜாதவ்பூர் பக்கம் வீட்டு வேலை செய்கிறவள். வார்டு டாக்டர் இளைஞர். கக்குவானாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, அவளைத் தனி அறையில் போட்டுவிட்டு ஆய்வகத்துக்குச் சொல்லி அனுப்பினார். அந்தக் கிருமி வழியில் காத்திருக்காது என்பதால் தட்டை எடுத்துக்கொண்டு நானே மேலே போவேன். குழந்தை இருமும்போது வாய்க்கு முன்னால் தட்டைத் திறந்து பிடிக்க வேண்டும்.

மாம்பி தட்டைப் பார்த்தாள். ஆட்டு ரத்தம் சேர்ந்த செம்பழுப்பு நிறம், கல்கத்தாவில் கிறிஸ்துமஸ் சமயம்.

“காக்கூ, ஓட்டா கீ? கேக்கா?” சித்தப்பா, அது என்ன என்று கேட்டாள்.

“கேக்குதான். ஆனா திங்கக் கூடாது. இருமணும்” என்றேன். குழந்தைகளிடம் எனக்கு வாய் வரும்.

அவள் சிரித்தாள். சிரிப்பே இருமலாக மாறியது. பத்து, பதினைந்து இருமல் மூச்சு விடாமல். முகம் சிவந்து கருத்தது. கடைசியில் உள்ளே இழுத்தாள் பாருங்கள் ஒரு மூச்சு, சேவல் கூவுகிற மாதிரி. தட்டை மூடிக்கொண்டு ஓடினேன். இதுதான், வேறெதுவும் இல்லை என்று படியிறங்கும்போதே எனக்குத் தெரியும்.

அது திங்கட்கிழமை. புதன்கிழமை ‘வளர்ச்சி இல்லை’ என்று பிஸ்வாஸ்தா எழுதினார், சார் கையெழுத்துப் போட்டார், நானே கொண்டுபோய் வார்டில் கொடுத்தேன். தனி அறைக்கு வேறொரு குழந்தை காத்திருந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார். “கக்குவான் இல்லை, நல்லதாப் போச்சு” என்று சொல்லி மாம்பியைப் பொது வார்டுக்கு மாற்றினார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. தாளில் இருந்ததை அவர் நம்பினார். தாளை நம்பத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தட்டு என் டப்பாவில் இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை, ஆய்வக ஜன்னலில் ஒரு மனிதர் வந்து நின்றார்.

“இங்கன தமிழ்க்காரர் ஒருத்தர் இருக்காருன்னு வாசல்ல சொன்னாவ. நீங்களா அண்ணாச்சி?”

பேர் செல்வம். தூத்துக்குடிக்காரர். துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம். மனைவி ஜெயராணி இங்கேயே பிரசவித்திருந்தாள். குழந்தைக்கு நாற்பது நாள். வயிற்றுப்போக்கு. பெரிய ஆபத்து இல்லை. இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கட்டில் கிடைக்கவில்லை. வராந்தாவில் பாய் விரித்து உட்கார வைத்திருந்தார்கள்.

“ஒரு வார்த்தை புரிய மாட்டேங்கு அண்ணாச்சி. அவங்க என்னமோ கேக்காவ, இவ தலைய ஆட்டுதா. எதுக்கு ஆட்டுனேன்னு கேட்டா தெரியலைங்கா.”

எனக்காக ஒருநாளும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அன்று அவர்களுக்காகப் போய்க் கேட்டேன். வார்டு சிஸ்டர் மாலதி தீதி, கண்டிப்பானவர். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

“கீ முருகேஷ், உனக்கு வாய் இருக்கா? உன் தேஷத்து ஆளுங்களா?”

“ஆமா தீதி. பச்சைக் குழந்தை. வராந்தால குளிருது.”

“ஜன்னல் பக்கம் ஒண்ணு காலியாகுது. உனக்காகத்தான் தர்றேன், தெரிஞ்சுக்கோ. வேற யாராவது கேட்டா துரத்தியிருப்பேன்.”

வெயில் விழும் நல்ல கட்டில். அடுத்த கட்டிலில் மாம்பி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் “காக்கூ, கேக்!” என்று கத்தினாள். அவளைப் பார்த்தேன். இரண்டு நாள் தாள் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தது. அந்தத் தாள் அரைத் தாள் என்று அறிந்தவன் நான். ஆனாலும் கட்டில் வாங்கிக் கொடுத்த சந்தோஷத்தில், அந்த ஒரு பகலுக்கு அதை முழுத் தாளாக நம்பிவிட்டேன். ஜெயராணி கையெடுத்துக் கும்பிட்டாள். அதுவும் சேர்ந்துகொண்டது.

சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அரை நாள் வேலை. சார் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டார். டப்பாவைத் திறந்து மாம்பியின் தட்டை எடுத்து ஜன்னலுக்குச் சாய்த்தேன்.

பாதரசம். பத்துப் பன்னிரண்டு துளிகள்.

பிஸ்வாஸ்தா கிளம்பிக்கொண்டிருந்தார். மச்சினி கல்யாணம், புது வேட்டி கட்டியிருந்தார். தட்டைக் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“மேடத்தோட சரக்கு. சந்தேகமே இல்லை” என்றார்.

“என்ன செய்யறது தாதா?”

“ரிப்போர்ட் புதன்கிழமையே போயாச்சு. இந்தத் தட்டு இப்ப உலகத்துலயே இல்லை. இல்லாத தட்டை நீ எப்படிப் பார்த்தே, நான் எப்படிப் பார்த்தேன்? திங்கட்கிழமை சார் வரட்டும்.” வாசலில் நின்று திரும்பினார். “முர்கி, ரெண்டு நாள்ல எறியறவன் நிம்மதியாத் தூங்குவான். உனக்கு அது தெரியலை.”

நான் தட்டைத் திரும்ப டப்பாவில் வைத்தேன். கையைக் கழுவினேன். மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் வார்டு டாக்டர் எதிரே இறங்கி வந்தார். நான் ஒதுங்கி நின்றேன். அவரும் நின்றார். என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும்.

“கிச்சு போல்பே? ஏதாவது சொல்லணுமா?”

இதை எழுதும்போதும் அந்தப் படி எனக்குத் தெரிகிறது. இடப்பக்கச் சுவரில் வெற்றிலைக் கறை. அவர் கையில் தேநீர் மண்குவளை. ஒரு வாக்கியம் போதும். ‘சார், மாம்பி தட்டு முளைச்சிருக்கு.’ பெங்காலியில் அதைவிடவும் சின்ன வாக்கியம். சொன்னால் என்ன கேட்பார்? எப்படி முளைத்தது, யார் வைக்கச் சொன்னது, உங்கள் சாருக்குத் தெரியுமா. அத்தனைக்கும் பதில் என் தலைமேல் வந்து விழும்.

“நா சார், ஒண்ணும் இல்லை” என்றேன்.

அவர் இறங்கிப் போனார். நான் வார்டு வாசல்வரை போனேன். ஜன்னல் வெயிலில் குழந்தை துணிமேல் படுத்திருந்தது. மாம்பி தன் கட்டிலை விட்டிறங்கி, குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, நாக்கைத் துருத்தி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். இருமல் வந்தபோது தலையைத் திருப்பி இருமிவிட்டு மறுபடி குனிந்தாள்.

“வாங்க அண்ணாச்சி” என்றாள் ஜெயராணி. “வயிறு சரியாயிட்டு. பாருங்க, இந்த அக்காட்ட எப்படிச் சிரிக்கான்னு. நம்மட்ட சிரிக்கவே மாட்டேங்கான்.”

“கொஞ்சம் தள்ளி வச்சுக்கம்மா. இருமுற பிள்ளை” என்றேன்.

“பாவம் அண்ணாச்சி, சளி இருமல்தானாம். சிஸ்டரே சைகையில சொல்லிட்டாவ. இந்த வார்டுல எங்கூடப் பேசுற ஆளே இவ ஒருத்திதான். இவ பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது இவளுக்குப் புரியல. ஆனாலும் பேசுதோம்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருந்தேன்.

திங்கட்கிழமை சார் வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். வீட்டிலேயே வாக்கியத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே போனதும் பாதிதான் வந்தது. சார் தட்டை வாங்கிப் பார்த்தார்.

“இதுக்கு ரிஜிஸ்டர்ல என்ன இருக்கு?”

“புதன்கிழமை முடிஞ்சது சார்.”

“முடிஞ்ச தட்டுல முளைக்கிறது ரிசல்ட் இல்லை, அழுக்கு. நீ எத்தனை தடவை டப்பாவைத் திறந்தே, எங்கே வச்சே, யாருக்குத் தெரியும்? இதை நம்பி நான் வார்டுக்குக் கடிதம் எழுதட்டுமா?” குரலை உயர்த்தவில்லை. “நீ டாக்டரா?”

“இல்லை சார்.”

“டெக்னீஷியனா?”

“இல்லை சார்.”

“தூக்கிப் போடு.”

நீங்கள் இந்த இடத்தில் சாரைத் திட்டுவீர்கள். நானும் பல வருடம் திட்டினேன். ஆனால் அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. யாருக்கும் தெரியாமல் வைத்த தட்டுக்குச் சாட்சி இல்லை. அதே தட்டை நான் முதல் நாளே ‘சார், இந்த ஒரு கிருமிக்கு மட்டும் ஏழு நாள் வேண்டும்’ என்று கேட்டு வைத்திருந்தால், ஒருவேளை திட்டிவிட்டாவது ஒப்புக்கொண்டிருப்பார். நான் கேட்கவே இல்லை. கேட்காமல் செய்வது பணிவு என்று நினைத்திருந்தேன்.

தட்டை ஆட்டோகிளேவில் நானே வைத்தேன், நானே மூடினேன். அழுகை வரவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி என் பொறுப்பு இல்லை என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அன்று மத்தியானம் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். செல்வம் ஜன்னலில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு நாளு கட்டாயம் வீட்டுக்கு வரணும் அண்ணாச்சி. ஊரு மாதிரி மீன் குழம்பு வைக்கச் சொல்லுதேன். இங்க கடுகெண்ணெயில பொரிச்சுத் தின்னு நாக்குச் செத்துப் போச்சு.” வருகிறேன் என்றேன். அப்போதுகூட, ‘செல்வம், குழந்தைக்கு ஒரு மருந்து கொடுத்து வைக்கணும், டாக்டரைக் கேளுங்க’ என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு நோய் வருவதற்கு முன்பே கொடுக்கிற மருந்து, மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரணப் பாட்டில். மேடம் இருந்த காலத்தில் நானே வாங்கி வந்திருக்கிறேன். தமிழில் சொல்ல எனக்கு யார் அனுமதி வேண்டும்? ஆனால் சார் அழுக்கு என்று சொல்லிவிட்டார். அவர் படித்தவர். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பிஸ்வாஸ்தா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கூப்பிட்டார். குரலில் விளையாட்டு இல்லை.

“முருகேஷ், இங்கே வா.” அவர் என்னை என் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். “இந்த ரத்தத்தைப் பாரு. வெள்ளை அணுக்கள். ஓரே பாபா, இது ரத்தமா, பிரிகேட் மைதானத்து அரசியல் கூட்டமா?”

பார்த்தேன். கண்ணாடி முழுக்க ஊதா நிறத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மேடம் ஒருமுறை எனக்கு விளக்கியது நினைவுக்கு வந்தது. இந்தக் கிருமி உடம்புக்குள்ளே போவதில்லை. மூச்சுக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, உள்ளே விஷத்தை மட்டும் அனுப்புகிறது. அந்த விஷம் வெள்ளை அணுக்களை ரத்தத்தை விட்டு வெளியே போகவிடாது. ஊர்வலம் நடக்கிற நாளில் தர்மதலாவில் பஸ்கள் வரிசையாக நிற்குமே, அப்படி. ஆயிரம் பஸ் நிற்கும், ஒன்றும் போய்ச் சேராது. பெரிய குழந்தைகள் கூவி இருமித் தாங்கிக்கொள்ளும். சின்னக் குழந்தைகளுக்கு அந்தக் கூவல்கூட வராது. திடீரென்று மூச்சு நிற்கும், நீலம் பாரிக்கும். அவ்வளவுதான்.

சீட்டில் பேர் பார்த்தேன். ‘ஜெயராணியின் குழந்தை’ என்று இருந்தது. மறுபடி கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். ஊருக்குப் போய்ப் பேர் வைக்கலாம் என்று விட்டிருந்தார்கள்.

மாடிக்கு ஓடினேன். இந்தத் தடவை ஒதுங்கி நிற்கவில்லை. டாக்டரின் கையைப் பிடித்துவிட்டேன்.

“சார், இது கக்குவான். மாம்பி தட்டு முளைச்சது சார். நானே பார்த்தேன்.”

“எப்போ?”

“அவங்க இங்கே இருந்தபோதே. சனிக்கிழமை.”

அவர் என்னையே பார்த்தார். “படியில என்னைப் பார்த்தியே, அந்தச் சனிக்கிழமையா?”

“ஆமா சார்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. திரும்பி மாலதி தீதியிடம் மருந்துப் பேரைச் சொன்னார். குழந்தையை அதே தனி அறைக்கு மாற்றினார்கள். சாயங்காலத்துக்குள் மருந்து உள்ளே போய்விட்டது. அந்த மருந்து கிருமியைக் கொல்லும், கொன்றிருக்கும். ஆனால் கிருமி ஏற்கெனவே விட்ட விஷத்தை அது ஒன்றும் செய்யாது. கிருமி செத்த பிறகும் விஷம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதையும் மேடம் சொல்லியிருந்தார். எனக்கு எல்லாம் சொல்லப்பட்டிருந்தது.

நான்காம் நாள் காலை பத்தரை மணிக்குக் குழந்தை இறந்துபோனான். ஜன்னலுக்கு வெளியே டிராம் போய்க்கொண்டிருந்தது. சான்றிதழில் நிமோனியா என்று எழுதினார்கள். அதுவும் பொய் இல்லை, கடைசியில் அதுவும் இருந்தது. மாம்பி பிழைத்துக்கொண்டாள். மூன்று மாதம் இருமிவிட்டு நன்றாகிவிட்டாள் என்று அவள் அம்மா பிறகு சொன்னாள். வருடக் கடைசிக் கணக்கில் எங்கள் மருத்துவமனையில் கக்குவான் என்று ஆய்வகம் உறுதி செய்த குழந்தை ஒன்றுகூட இல்லை. அந்தத் தாளையும் நான்தான் மேலிடத்துக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் சாரிடம் போய்ச் சண்டை போட்டார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த மாதத்திலிருந்து கக்குவான் தட்டுக்கு ஏழு நாள் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். சார் என்னைக் கூப்பிடவும் இல்லை, கேட்கவும் இல்லை. பிஸ்வாஸ்தா மறுபடி முர்கி என்று கூப்பிட ஆரம்பித்தார். எட்டு வருடம் கழித்து, வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டேன். கண் சரியில்லை என்று காரணம் சொன்னேன்.

இத்தனையும் சொன்ன பிறகு நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். தலைவர் கேட்கவில்லை, படித்தவர் நடுவில் படிக்காதவன் என்ன செய்வான் என்று. உங்களில் சிலர் எனக்காக வருத்தப்படவும் கூடும். அதனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். இதைத் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை.

குழந்தை இறந்து பத்து நாள் கழித்து செல்வம் வந்தார். குழந்தையின் ரிப்போர்ட் தாள்களை வாங்கிப்போக வந்திருந்தார். ஊருக்குப் போகிறார்கள், ஜெயராணி இனி இங்கே இருக்கமாட்டேன் என்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சார் வீட்டுக்குப் போயிருந்தார், பிஸ்வாஸ்தா கேன்டீனில். ஆய்வகத்தில் நான் மட்டும். தாள்களை அடுக்கிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

“அண்ணாச்சி, நமக்கு இங்க இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்ட கேக்கேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு பிள்ள இருமிக்கிட்டே கெடந்துச்சே. அவட்ட இருந்து ஏதும் ஒட்டியிருக்குமோ? ஜெயராணி அதையே சொல்லிச் சொல்லி அழுதா. நான்தான் பிள்ளையை அவட்ட கொடுத்து விளையாட விட்டேன், என்னாலதான்னு.”

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். ‘உங்கள் மனைவிமேல் தவறு இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது, நான் சொல்லவில்லை.’ அவள் வாழ்நாள் முழுக்கச் சுமக்கப் போவதை அந்த ஒரு வார்த்தை இறக்கி வைத்திருக்கும். பெங்காலி தேவையில்லை. படிப்பு தேவையில்லை. என் தாய்மொழியில், என் ஊர்ப்பக்கத்து மனிதரிடம் சொல்ல வேண்டியது.

“இல்லை செல்வம், அந்தப் பிள்ளைக்குச் சாதாரண இருமல்தான். ரிப்போர்ட்லயே இருக்கு” என்றேன்.

“அப்ப என்னதான் அண்ணாச்சி வந்துச்சு?”

“தெரியலை.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். வராந்தாவில் நடந்து, படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார்.

அன்று அந்த அறையில் எனக்கு மேலே யாரும் இல்லை. என்னை யாரும் தடுக்கவில்லை.

பவானிபூர், கல்கத்தா
23 ஆகஸ்ட் 2009, ஞாயிற்றுக்கிழமை